பெயர் சொல்லாத வைத்தியம்

நோய் ஒன்று, அதற்குச் சூட்டப்படும் பொய்ப் பெயர்களோ பல. குழந்தைப் பருவத்திலே "வளர்ச்சி நோ" என்பார்கள். பள்ளிப் பருவத்திலே "சோம்பல்" என்பார்கள். பருவமடைந்த பின்னர் "நரம்புத் தளர்ச்சி" என்பார்கள். மணமான பின்னர் "மனக்கவலை" என்பார்கள். நாற்பதைக் கடந்துவிட்டால் "வாதம்" என்று முடித்துவிடுவார்கள். இத்தனை பெயர்களையும் சுமந்துகொண்டு வைத்தியசாலைப் படிகளில் ஏறி இறங்கும் ஒருவருக்கு அவருடைய நோயின் மெய்யான பெயரை மாத்திரம் எவரும் சொல்வதில்லை. இந்த அநீதியைப் பற்றியே இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

அரசியற் பத்திரிகைக்கு மூட்டு நோவைப் பற்றி எழுத என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வைத்திய நிபுணர் எந்த ஊருக்கு நியமிக்கப்படுகின்றார், எந்த மொழியில் நோயாளியிடம் வினவுகின்றார், எந்த மொழியில் அவர் துண்டு எழுதுகின்றார், யாருடைய நோவை நம்புகின்றார், யாருடைய நோவைப் புறந்தள்ளுகின்றார் என்பனவெல்லாம் அரசியல் அல்லாமல் வேறென்ன? வரி கொடுக்கும் குடிமகன் வாக்குச் சாவடியில் மாத்திரம் குடிமகன் அல்லன். வெளிநோயாளர் பிரிவின் வாங்கிலே அமர்ந்திருக்கும் போதும் அவன் குடிமகனே.

இந்நோய் யாது?

நம் பாடநூல்கள் "தொடுப்பிழையம்" என்று வழங்குவதை நம் வாசகர் அறிவர். எலும்பை எலும்போடு பிணைக்கும் இணையம், தசையை எலும்போடு பிணைக்கும் சிரை, தோல், இரத்தக் குழாய்களின் சுவர், இருதய வால்வு, குடல், கருப்பை, கண் ஆகிய யாவற்றுக்கும் உறுதி தருவது இந்த இழையமே. கொலாஜன் முதலிய புரதங்களே இதன் நார்கள். நம் ஊர் வேலியை நினைத்துப் பாருங்கள். கதியால் உறுதியாயிருக்கலாம், ஓலை புதிதாயிருக்கலாம். கட்டிய கயிறு இற்றுப் போனால் வேலி நிற்குமா? அவ்வாறே பரம்பரையலகிலுள்ள குறையினால் இந்த நார்கள் பழுதாக அமைந்தவருடைய உடம்பிலே, மூட்டுகள் அளவுக்கு மிஞ்சி வளையும், எளிதில் விலகும், தோல் எளிதிற் கிழியும், சிலருக்கு இரத்தக் குழாயே வெடிக்கும்.

இது நேற்று முளைத்த நோயன்று. 1896ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு வைத்தியர் மார்ஃபான், நீண்டு மெலிந்த விரல்களையுடைய ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். 1901இல் டென்மார்க்கைச் சேர்ந்த எலர்ஸ் என்பவரும், 1908இல் பிரான்சைச் சேர்ந்த டன்லொஸ் என்பவரும் நெகிழ்ந்த மூட்டும் இழுபடும் தோலும் கொண்டோரை விவரித்தனர். அவர்களுடைய பெயராலேயே மார்ஃபான் நோய்த்தொகுதி என்றும், எலர்ஸ்-டன்லொஸ் நோய்த்தொகுதி என்றும் இவை வழங்குகின்றன. 2017ஆம் ஆண்டிலே உலக நிபுணர் கூடி, எலர்ஸ்-டன்லொஸ் நோயைப் 13 வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளங்களை வகுத்தனர். அவ்வகைகளுட் சேராமலே மூட்டு நெகிழ்வினால் துன்புறுவோருக்கு "மிகை நெகிழ்வு நோய்க் கோலம்" என்னும் தனிப் பெயரையும் தந்தனர். உலகம் பெயரிட்டுவிட்டது. நம் வைத்தியசாலைகளில் அப்பெயர் ஒலிப்பது எப்போது?

கையாற் செய்யத்தக்க சோதனை

"இதற்கெல்லாம் பெரும் பொருட்செலவாகும், வறிய நாடு தாங்காது" என்பது முதலாவது சாட்டு. இச்சாட்டை நாம் மறுக்கின்றோம்.

மூட்டு நெகிழ்வை அளக்க உலகெங்கும் வழங்கும் முறை, தென்னாபிரிக்காவிலே பைட்டன் என்பவரும் அவருடைய துணைவரும் 1973இல் வெளியிட்ட ஒன்பது புள்ளி முறையாகும். சின்னி விரலைப் பின்புறமாக 90 பாகைக்கு மேல் வளைக்க முடிகின்றதா? பெருவிரலை மடக்கி முன்கையைத் தொட முடிகின்றதா? முழங்கை 10 பாகைக்கு மேற் பின்னோக்கி வளைகின்றதா? முழங்காலும் அவ்வாறு வளைகின்றதா? இந்நான்கையும் இரு பக்கமும் பார்த்தால் எட்டுப் புள்ளி. முழங்காலை மடக்காமற் குனிந்து இரு உள்ளங்கைகளையும் நிலத்திற் பதிக்க முடிந்தால் மேலும் ஒன்று. 2017ஆம் ஆண்டு விதிப்படி பருவமடையாத பிள்ளைக்கு ஆறும், பருவமடைந்தவர் முதல் 50 வயது வரையுள்ளோருக்கு ஐந்தும், அதற்கு மேற்பட்டோருக்கு நான்கும் வந்தால் உடல் முழுவதும் மூட்டு நெகிழ்வு உண்டென்று கொள்வர்.

இதற்கு எந்த இயந்திரம் வேண்டும்? எந்த அந்நியச் செலாவணி வேண்டும்? மலிவான ஒரு கோணமானியும், ஐந்து நிமிட நேரமும், நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மனமும் போதும். முதல் இரண்டும் எங்கும் கிடைக்கும். மூன்றாவதையே நாம் கேட்டு நிற்கின்றோம்.

மிகை நெகிழ்வு உடையோர் யாவரும் நோயாளர் என்று நாம் கூறவில்லை. பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் நெகிழ்வு கூடுதலாயிருப்பது இயல்பு. வயது ஏற ஏற அது குறையும். நன்கு வளையும் உடம்போடு ஒரு நோவுமின்றி நாட்டியம் ஆடுவோரும் பலர் உளர். ஆகவே ஒன்பது புள்ளி வாயில் மாத்திரமே; அதற்குள்ளே நுழைந்து ஆராய வேண்டும். மென்மையான, இழுபடும் தோல், காகிதம் போன்ற தழும்பு, திரும்பத் திரும்ப வரும் குடலிறக்கம், கருப்பை இறக்கம், நெருங்கிய பற்களும் உயர்ந்த அண்ணமும், உயரத்தை மிஞ்சிய கைவீச்சு, இருதய வால்வுத் தளர்ச்சி, குடும்பத்திற் பிறருக்கும் இதே துன்பம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வினவி, ஏனைய நோய்களை விலக்கிய பின்னரே முடிவு கூற வேண்டும். வளையும் பிள்ளையெல்லாம் நோயாளியாகிவிடும் என்று அஞ்சுவோருக்கு இதுவே விடை. முறையாகச் செய்யும் நிருணயம், நோயில்லாதவரையும் அல்லவா விடுவிக்கின்றது?

இன்னொன்றையும் வைத்தியர்கள் உணர வேண்டும். மிகை நெகிழ்வு வகை எலர்ஸ்-டன்லொஸ் நோய்க்குக் காரணமான பரம்பரையலகு இன்னும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே அதைக் காட்டும் இரத்தச் சோதனை உலகில் எங்குமே இல்லை. இல்லாத சோதனையை வைத்துக்கொண்டு, "உன் இரத்தத்தில் ஒன்றுமில்லை; ஆகவே உனக்கும் ஒன்றுமில்லை" என்று கூறுவது விஞ்ஞானமாகுமா?

"மாற்ற முடியாத நோய்க்குப் பெயர் எதற்கு?"

இது இரண்டாவது சாட்டு, அதனினும் கொடியது. பிறவிக் குறையை மாற்ற மருந்தில்லை என்பது மெய். ஆயினும் பெயரறிவதாற் பயனில்லை என்பது முழுப் பொய்.

மார்ஃபான் நோயையே எடுத்துக்கொள்வோம். அந்நோயிலே இருதயத்தினின்று புறப்படும் பெருநாடி மெல்ல மெல்ல விரிந்து, ஒருநாள் கிழிந்துவிடும். 1972இல் வெளியான ஆய்வொன்றிலே, இந்நோயால் இறந்தோரின் சராசரி வயது 32. 1995இல் வெளியான இன்னோர் ஆய்வு, நோயாளருட் பாதிப்பேர் 72 வயது வரையிலே வாழக்கூடும் என்று கணித்தது. இடையில் நிகழ்ந்த மாற்றம் யாது? நோயை மாற்றும் மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. எக்கோ சோதனையாற் பெருநாடியை ஆண்டுதோறும் அளந்தார்கள். அதன் மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். கிழியுமுன்னே சத்திரசிகிச்சை செய்தார்கள். இவற்றுள் எதையும் நோயின் பெயரறியாமற் செய்ய முடியாது.

எலர்ஸ்-டன்லொஸ் நோயின் இரத்தக்குழாய் வகை இன்னும் கொடியது. குழாயும் குடலும் கருப்பையும் முன்னறிவிப்பின்றி வெடிக்கும் வகை அது. 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்விலே, செலிப்புரொலொல் என்னும் மாத்திரை பெற்ற 25 பேருள் 5 பேருக்கே இரத்தக் குழாய் வெடிப்போ கிழிவோ ஏற்பட்டது. பெறாத 28 பேருள் 14 பேருக்கு ஏற்பட்டது. நோய் தெரிந்த தாயின் பிரசவத்தை நிபுணர் சூழ நடத்தலாம். தெரியாத தாயை மரணவிசாரணை அதிகாரியின் அறிக்கையிலே தான் அறிய நேரும்.

அன்றாட மருந்தும் இங்கே விடயமாகின்றது. சிப்புரோபுளொக்சசின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் நம் மருந்துக் கடைகளில் யாவரும் அறிந்தவை. அவ்வகை மருந்துகள் பெருநாடி வெடிப்பு அபாயத்தைக் கூட்டக்கூடும் என்றும், மார்ஃபான், எலர்ஸ்-டன்லொஸ் நோயுடையோருக்கு வேறு வழி இருக்கும்போது அவற்றைக் கொடுத்தல் கூடாதென்றும் அமெரிக்க மருந்து நிருவாகம் 2018 டிசம்பரிலே எச்சரித்தது. தனக்கு அந்நோய் உண்டென்று அறியாதவர் அம்மாத்திரையை எவ்வாறு மறுப்பார்?

உயிராபத்தில்லாத மிகை நெகிழ்வு வகைக்கும் பெயர் வேண்டும். மூட்டைத் தாங்கும் தசையை முறையாக வலுப்படுத்தும் இயன்மருத்துவப் பயிற்சி அதற்கு உண்டு. தவறான பயிற்சி மூட்டை மேலும் கழற்றும். தெளிகருவியை முதுகிற் சுமக்கும் கமக்காரனுக்கு, தோள் விலகுவது ஏன் என்று தெரிந்தாற் சுமையைக் குறைக்க வழி தேடுவான். தெரியாவிட்டால், கைகூடாதவன் என்ற பழியை அல்லவா சுமப்பான்? மூன்று மணிநேரப் பரீட்சை எழுத விரல் தாங்காத மாணவிக்கு, நிருணயம் கூறும் வைத்தியச் சான்று இருந்தால் மேலதிக நேரம் கேட்கலாம். இல்லாவிட்டாற் "கெட்டிக்காரி, ஆனால் முயற்சியில்லை" என்ற குறிப்பே கிடைக்கும்.

அரிய நோயா, அறியா நோயா?

"இது அரிய நோய்" என்பது மூன்றாவது சாட்டு. 2019இல் வேல்சு நாட்டு வைத்தியப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், எலர்ஸ்-டன்லொஸ் நோயும் மிகை நெகிழ்வு நோயும் சேர்ந்து ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவருக்குப் பதிவாகியிருப்பதைக் கண்டனர். பதிவாகியோர் கணக்கு இது. பெயர் சொல்லப்படாதோர் கணக்கு இதிற் சேரவில்லை. அப்பதிவிலே நூற்றுக்கு 70 பேர் பெண்கள். ஆயினும் ஆண்களைவிடச் சராசரி எட்டரை ஆண்டுகள் பிந்தியே பெண்களுக்கு நிருணயம் கிடைத்திருந்தது. செல்வமும் நிபுணரும் நிறைந்த ஐரோப்பாவிலேயே, அரிய நோயாளர் அமைப்புகளின் ஒன்றியம் நடத்திய விசாரணையில், எலர்ஸ்-டன்லொஸ் நோயாளருட் பாதிப்பேர் நிருணயத்துக்காக 14 ஆண்டுகளுக்கு மேற் காத்திருந்தனர். காற்பங்கினர் 28 ஆண்டுகளுக்கு மேற் காத்திருந்தனர்.

ஆகவே குற்றம் நம் நாட்டிலே மாத்திரம் உள்ளதன்று. பெண்ணொருத்தி நோகின்றது என்றால் அதை மனத்தின் கோளாறென்று கொள்ளும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஆனால் உலகெங்கும் உள்ள குற்றம் என்பதற்காக நம் வீட்டுக் குற்றம் குற்றமில்லாமற் போகுமா? அங்கே 14 ஆண்டு என்றால், நிபுணர் கொழும்பிலே குவிந்திருக்க நோயாளி முல்லைத்தீவிலே இருக்கும் இந்நாட்டிலே எத்தனை ஆண்டு என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

நோவுக்கு மொழி உண்டு

இந்நோயை இயந்திரம் சொல்வதில்லை. நோயாளியின் வாய்மொழியே சொல்கின்றது. அதனாலேயே மொழிப் பிரச்சினை இங்கே உயிர்ப் பிரச்சினையாகின்றது. நம்மவர் "நோ" என்பர், "உளைவு" என்பர், "குடைச்சல்", "கடுப்பு", "குத்து", "எரிவு", "விறைப்பு" என்பர். மூட்டு "பிசகியது" வேறு, "சுளுக்கியது" வேறு, "கழன்று தானாகப் பொருந்தியது" வேறு. இவ்வேறுபாடுகளே நிருணயத்தின் திறவுகோல். தமிழறியாத நிபுணர் முன்னே, பக்கத்து வாங்கில் இருப்பவரை மொழிபெயர்ப்பாளராகக் கொண்டு நிற்கும் தாய், இவற்றுள் எதைச் சொல்வாள்? எல்லாம் "வலி" என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிடும், வலிக்கு ஒரு மாத்திரை எழுதப்படும், அடுத்தவர் அழைக்கப்படுவார்.

1956இன் சட்டம் நம் மொழியை அலுவலகங்களினின்று விரட்டியது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988இன் 16ஆவது திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடங்களிலும் தமிழர் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழிலே கருமமாற்றும் உரிமையை எழுத்திலே வைத்தது. அரசாங்க வைத்தியசாலையும் அரசாங்கத்தின் அலுவலகமே. எழுத்திலே உள்ள உரிமை நோயாளியின் கட்டிலருகே ஏன் வந்து சேரவில்லை?

தமிழிலே வைத்தியம் பேச இயலாது என்று எவரும் சொல்லத் துணிய வேண்டாம். 1847இலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், மானிப்பாயிலே நம் இளைஞருக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்து, உடற்கூறும் இரண வைத்தியமும் தமிழிலே நூலாகச் செய்தார். பிறநாட்டார் ஒருவர் அன்று செய்ததை, நம் பிள்ளைகளாகிய வைத்தியர்கள் இன்று ஒரு பக்கத் துண்டுப் பிரசுரமாகவேனும் செய்தல் ஆகாதா?

நம் வீட்டுத் திரை

அரசாங்கத்தைக் குறை கூறி நாம் அமைந்துவிடுவோமாயின் அது நேர்மையாகாது. நம் வீடுகளிலே ஒரு திரை தொங்குகின்றது. பெண்ணுக்கோ பையனுக்கோ பரம்பரை நோய் உண்டென்று தெரிந்தால் கலியாணம் குழம்பும் என்று அஞ்சி, "சித்தப்பா முப்பத்தைந்து வயதிலே திடீரென்று விழுந்து செத்தார்" என்ற செய்தியையே வைத்தியரிடம் மறைக்கின்றோம். அந்த ஒரு செய்தியே பெருநாடி நோயின் சாட்சியாயிருக்கக் கூடும் என்பதை நாம் அறிவதில்லை.

மார்ஃபான் நோயும் எலர்ஸ்-டன்லொஸ் நோயின் பெரும்பாலான நோயாளரைக் கொண்ட வகைகளும், தாய் தந்தையருள் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டிலொரு பங்கு வரக்கூடியவை. வேறு சில அரிய வகைகள், இரு பக்கமும் மறைந்திருக்கும் குறை ஒன்றுசேரும் போதே வெளிப்படும். சொந்தத்துக்குள்ளே கலியாணம் செய்யும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. அன்றியும் மார்ஃபான் நோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, குடும்பத்தில் எவருக்கும் இல்லாமலே அந்நோய் புதிதாய்த் தோன்றுகின்றது. ஆகவே இதில் எக்குலத்துக்கும் இழிவில்லை; எவர் செய்த பாவமும் இல்லை. மறைத்து மணம் முடித்து, முதற் பிரசவத்திலே பிள்ளையைப் பறிகொடுப்பது தான் குடும்ப மானமா?

நாம் கேட்பவை

அரசாங்கத்தை நோக்கிச் சொல்கின்றோம். வடக்கிலும் கிழக்கிலும் வாதநோய் நிபுணரையும் பரம்பரை நோய் ஆலோசனையையும் ஒழுங்காகக் கிடைக்கச் செய்யுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்திலே மனித பரம்பரையியற் பிரிவு 1983இலேயே தொடங்கிற்று; அவ்வறிவின் பயன் மாதத்துக்கொரு கிளினிக்காகவேனும் நம் மாவட்டங்களுக்கு வரட்டும். வேல்சிலே எடுத்த கணக்கைப் போன்று நம் மாகாணங்களிலும் ஒரு கணக்கை எடுங்கள். வட மாகாண சபையின் ஆயுள் 2018இல் முடிந்த பின்னர், தேர்தலில்லாமல் ஆண்டுகள் பல கழிந்தன. மாகாண வைத்தியசாலைகளைப் பற்றிக் கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி இல்லாத நிலையை உண்டாக்கிவிட்டு, "எவரும் முறையிடவில்லை" என்று சொல்லாதீர்கள்.

வைத்தியர்களை நோக்கிச் சொல்கின்றோம். இரு முறைக்கு மேல் மூட்டு விலகிய எவரையும் ஒன்பது புள்ளி பாராமல் அனுப்பாதீர்கள். நீண்ட விரலும் கிட்டப் பார்வையும் உடைய உயர்ந்த பிள்ளையின் நெஞ்சை எக்கோவிற் பார்க்காமல் விடாதீர்கள். "மனப்பிரமை" என்ற சொல்லை, தேடி முடித்த பின்னரும் எழுதத் தயங்குங்கள். தேடாமல் எழுதவே வேண்டாம். முறிவு வைத்தியம் செய்யும் நம் பரியாரிமாருக்கும் இதுவே வேண்டுகோள்: ஒரே தோளுக்கு மூன்றாம் முறை புக்கை கட்டும் போது, வைத்தியசாலைக்கும் போகச் சொல்லுங்கள்.

உத்தியோகத்தரும் ஆசிரியரும் தங்கள் பங்கைச் செய்யட்டும். எழுதக் கை நோகின்றது என்னும் பிள்ளையை அடிக்குமுன் அதன் விரலைப் பாருங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் ஒரு வைத்தியரை அழைத்து இதுபற்றிப் பேசச் செய்யுங்கள்.

நோயாளரே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றோம். வெறுங்கையோடு வைத்தியரிடம் போகாதீர்கள். எந்த மூட்டு, எந்த ஆண்டிலே, எத்தனை முறை விலகியது என்று கொப்பியிலே எழுதுங்கள். பாட்டன் பாட்டி தொடங்கிக் குடும்பத்திலே திடீரென இறந்தவர் யார், எந்த வயதில், குடலிறக்கமும் கருப்பை இறக்கமும் கண்வில்லை விலகலும் யாருக்கு இருந்தன என்று ஒரு தாளிலே வரையுங்கள். அதைத் தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள், விளங்கவில்லை என்று சொல்லப்பட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது யாரும் இடும் பிச்சையன்று. சட்டம் தந்த உரிமை.

நெல்லுக்கு எந்த நோய் வந்தது என்று அறிய, கமக்காரன் ஒரு கதிரைப் பிடுங்கிக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் ஓடுகின்றான். பெயர் தெரியாமல் மருந்து அடித்தாற் பயிர் அழியும் என்பது அவனுக்குத் தெரியும். பயிருக்குக் கேட்கும் அக்கேள்வியைப் பெற்ற பிள்ளைக்காகவும் கேட்போம். விடை கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.